கரையேறும் பழைய வலை ஆலைக்குப் போகட்டும்

2017 ஜூலையில் தமிழக அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களில் 45 கிராமங்கள், 57,000 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம், பெட்ரோலிய, ரசாயன, பெட்ரோ ரசாயன முதலீட்டு மண்டலமாகும் என்றது அது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டங்களின் கிராமங்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. காவிரி கடலில் கலக்கும் பூம்புகார் சீர்காழி வட்டத்தில்தான் இருக்கிறது. விவசாயிகளும் மீனவர்களும் ஒரே குரலில் எதிர்த்தார்கள். 2020 பிப்ரவரியில் அறிவிக்கை திரும்பப் பெறப்பட்டது. அதே மாதம் காவிரிப் படுகையைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கும் சட்டம் பேரவையில் நிறைவேறியது. துத்தநாக, தாமிர, அலுமினிய உருக்காலைகளும், எண்ணெய், இயற்கை எரிவாயுவுக்கான புதிய துரப்பணமும் இனி இங்கே கூடாது என்றானது.

அந்த எதிர்ப்பு முற்றிலும் நியாயமானது. நெல் விளையும் மண்ணை நாஃப்தா கிடங்காக்கும் திட்டத்துக்கு வேறு பதில் இருக்க முடியாது.

ஆனால், ரசாயனத் தொழில் டெல்டாவை விட்டு விலகிவிடவில்லை. நாகை அருகே பனங்குடியில், 1993-லிருந்து இயங்கிய சிறிய சுத்திகரிப்பு நிலையத்தின் இடத்தில் ஆண்டுக்கு 90 லட்சம் டன் திறனுள்ள புதிய ஆலைக்கு 2021 பிப்ரவரி 17 அன்று பிரதமர் அடிக்கல் நாட்டினார். பெட்ரோல், டீசலோடு பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கும் அங்கே உற்பத்தியாகும் என்று அப்போதே அறிவிக்கப்பட்டது. உர மூட்டை, படகுக் கயிறு, நாற்காலி எல்லாம் அந்தப் பிளாஸ்டிக்தான். டெல்டாவின் வீடும் வயலும் படகும் ஏற்கெனவே ரசாயனத் தொழிலின் வாடிக்கையாளர்கள். எனவே, எந்த மூலப்பொருளிலிருந்து, எந்த ஆற்றலைக் கொண்டு, யாருடைய கண்காணிப்பில் அந்தத் தொழில் நடக்க வேண்டும் என்று கேட்கும் உரிமையும் டெல்டாவுக்கு உண்டு. நிலத்தடியிலிருந்து புதிதாக எண்ணெய் எடுக்காமல், பயன்படுத்திக் கழித்த பிளாஸ்டிக்கையும் சூரியனையும் காற்றையும் நம்பி இயங்கும் ரசாயனத் தொழில் உலகில் தலையெடுத்துவருகிறது. அதைக் கேட்டுப் பெறுவதற்கு இந்தக் கரையில் மிகச் சரியான தொடக்கப்புள்ளி, மீன்பிடி வலை.

பூம்புகார், வானகிரி, திருமுல்லைவாசல், பழையாறு, தரங்கம்பாடி என்று நீளும் இந்தக் கரையில் வலைக்குப் பஞ்சமில்லை. செவுள் வலை பெரும்பாலும் நைலான். இழுவை மடி பாலிஎத்திலீன். கயிறு பாலிபுரொப்பிலீன். உப்பும் வெயிலும் பாறையும் நண்டின் கொடுக்கும் சேர்ந்து வலையை அறுக்கின்றன. சில காலம் வலை ஊசியால் பொத்தல்களைப் பின்னிச் சமாளிப்பார்கள். பிறகு ஒருநாள் கட்டுப்படியாகாது. அப்போது மேல்கயிற்றை உருவி, மிதவைகளைக் கழற்றி, ஈயக்குண்டுகளை எடுத்துக்கொள்வார்கள். அவை அடுத்த வலைக்கு ஆகும். மிஞ்சும் கண்ணிப் பகுதிதான் யாருக்கும் வேண்டாதது. மணலில் புதையும், குப்பையோடு எரியும், காற்றடித்தால் மீண்டும் கடலுக்கே போகும். கடலுக்குப் போன வலை சும்மா இருப்பதில்லை. இழுக்க ஆளில்லாமலே மீனையும் நண்டையும் ஆமையையும் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சுருக்குமடி வலைக்கு அனுமதி கேட்டு இந்தக் கரை ஆண்டுக்கணக்கில் போராடியிருக்கிறது. அனுமதி சரியா, தவறா என்பது தனி வழக்கு. ஒவ்வொன்றும் டன் கணக்கில் எடையுள்ள அந்த வலைகள் கிழிந்த பிறகு எங்கே போகின்றன என்ற கேள்வி அந்தப் போராட்டத்திலும் அதிகம் பேசப்படவில்லை, அதை எதிர்த்தவர்கள் பக்கத்திலும் பேசப்படவில்லை.

நைலான் வலையை மற்ற பிளாஸ்டிக் குப்பையிலிருந்து பிரித்துப் பார்க்க ஒரு வேதியியல் காரணம் இருக்கிறது. வலைக்கு ஆகும் நைலான்-6, கேப்ரோலாக்டம் என்ற ஒரே மூலக்கூறு ஆயிரக்கணக்கில் கைகோத்த சங்கிலி. ஒரே பூவால் தொடுத்த சரத்தைப் பிரித்தால் அதே பூக்கள்தான் கையில் வரும். நைலான்-6ஐ உயர் வெப்பத்தில், நீராவியும் வினையூக்கியும் சேர்த்துப் பிரித்தால் கேப்ரோலாக்டம் திரும்பக் கிடைக்கிறது. அதை வடித்துச் சுத்தப்படுத்தி மறுபடி கோத்தால் புது நைலானுக்கும் இதற்கும் தரத்தில் வேறுபாடு இல்லை. உருக்கி வார்க்கும் வழக்கமான மறுசுழற்சியில் ஒவ்வொரு சுற்றிலும் பிளாஸ்டிக்கின் தரம் இறங்கும். வலை தொட்டியாகும், தொட்டி குப்பையாகும். இந்த முறையில் வலை மீண்டும் வலையாக முடியும்.

கேப்ரோலாக்டம் இன்று பென்சீனிலிருந்து, அதாவது கச்சா எண்ணெயிலிருந்து வருகிறது. இந்தியாவில் வதோதராவில் ஜிஎஸ்எஃப்சி நிறுவனத்துக்கும், கொச்சி அருகே உத்யோகமண்டலில் ஃபாக்ட் நிறுவனத்துக்கும் கேப்ரோலாக்டம் ஆலைகள் உண்டு. அந்தத் தயாரிப்பில் உபபொருளாகக் கிடைக்கும் அம்மோனியம் சல்பேட்டைத்தான் விவசாயிகள் உரமாக வயலில் போடுகிறார்கள். நைலானும் நெல்லும் நினைப்பதைவிட நெருங்கிய சொந்தம்.

இத்தாலியின் அக்வாஃபில் நிறுவனம் 2011-ல் ஸ்லோவேனியாவின் லியூப்லியானாவில் இப்படியோர் ஆலையைத் தொடங்கியது. பழைய மீன் வலை, தரைவிரிப்பு, துணி ஆலைக் கழிவு ஆகியவற்றிலிருந்து கேப்ரோலாக்டம் பிரித்து, எகோனைல் என்ற பெயரில் நூல் விற்கிறது. 10,000 டன் கேப்ரோலாக்டத்துக்கு 70,000 பீப்பாய் கச்சா எண்ணெய் மிச்சமாகிறது என்பது நிறுவனத்தின் கணக்கு. சிலி நாட்டுக் கடற்கரையில் பியூரியோ என்ற நிறுவனம் மீனவர்களிடமிருந்து வலைகளை விலைக்கு வாங்குகிறது. அந்த நைலான் தொப்பியாகவும் உடையாகவும் கடைக்கு வருகிறது. ஜப்பானின் கவாசாகியில் 2003 முதல் பல வகை கலந்த பிளாஸ்டிக் கழிவை வாயுவாக்கி, ஹைட்ரஜன் பிரித்து, அம்மோனியா செய்கிறார்கள். ரெசோனாக் என்று இன்று பெயர் மாறியிருக்கும் அந்த நிறுவனத்தின் ஆலை நாளொன்றுக்கு 195 டன் பிளாஸ்டிக் வரை ஏற்கும். உரத்துக்கு அடிப்படையான அம்மோனியாவைக் குப்பையிலிருந்து எடுக்க முடிகிறது என்பது, யூரியாவுக்காகக் கூட்டுறவுச் சங்க வாசலில் நிற்கும் டெல்டா விவசாயிக்கும் தொடர்புள்ள செய்தி.

நம் பக்கத்திலும் தொடக்கங்கள் இருக்கின்றன. கரூரின் ஸ்ரீ ரெங்கா பாலிமர்ஸ் நிறுவனம் தண்ணீர் பாட்டில்களை நார் ஆக்கி, நூலாக்கித் துணி செய்கிறது. 2023 பிப்ரவரியில் பிரதமர் நாடாளுமன்றத்துக்கு அணிந்துவந்த மேலுடுப்பு, பாட்டிலிலிருந்து உருவான அத்தகைய துணி. மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன் கழிவுப் பிளாஸ்டிக்கைத் தாரோடு சேர்த்துச் சாலை போடும் முறையைக் கண்டறிந்து, 2018-ல் பத்மஸ்ரீ பெற்றார். 2024 ஜனவரியில் ஜாம்நகர் சுத்திகரிப்பு ஆலையில், பிளாஸ்டிக் கழிவைச் சூடாக்கி எடுத்த எண்ணெயைக் கச்சா எண்ணெயோடு சேர்த்துப் புதிய பாலிமர் தயாரித்து, அதற்குச் சர்வதேசச் சான்றிதழும் பெற்றதாக ரிலையன்ஸ் அறிவித்தது. ஜாம்நகரில் முடிந்ததைப் பனங்குடியில் ஏன் கேட்கக் கூடாது? அங்கே ஒரு பொதுத்துறை நிறுவனம் டெல்டாவின் நிலத்தில் பிளாஸ்டிக் தயாரிக்கப்போகிறது என்றால், அதன் மூலப்பொருளில் ஒரு பங்கு டெல்டாவின் பிளாஸ்டிக் கழிவிலிருந்து வர வேண்டும் என்று ஆரம்பத்திலேயே நிபந்தனை விதிக்க வேண்டும். ஆலை எழுந்த பிறகு கேட்டால் கிடைக்காது.

மூலப்பொருள் பாதிக் கதைதான். மீதி, ஆற்றல். வேதியியல் ஆலை என்பது பெரிய அளவில் சூடாக்கி, குளிரவைத்து, வடித்தெடுக்கும் இடம். அந்தச் சூடு நிலக்கரியிலிருந்தும் ஃபர்னஸ் ஆயிலிலிருந்தும் வந்தால், மறுசுழற்சியில் மிச்சமான கரிமம் புகைபோக்கி வழியே போய்விடும்.

தமிழகத்துக்கு இது புதிய பாடமும் இல்லை. மேட்டூர் அணை 1934-ல் கட்டி முடிந்தபின், அதன் நீர்மின்சாரத்தை நம்பித்தான் மேட்டூரில் ரசாயனத் தொழில் வேர்விட்டது. உப்புக் கரைசலில் மின்சாரத்தைப் பாய்ச்சினால் காஸ்டிக் சோடாவும் குளோரினும் கிடைக்கும். காவிரியின் மின்சாரத்தில் நடந்த தொழில் அது. ஆனால், மின்சாரம் தூய்மையானதாக இருந்தால் போதும் என்று யாரும் நினைத்துவிட முடியாது. இந்தியாவின் காஸ்டிக் சோடா ஆலைகள் பல காலம் பாதரசக் கலங்களில் இயங்கின. பாதரசத்தின் கேடு தெரிந்த பிறகே படலக் கலங்களுக்கு மாறின.

இன்று தூத்துக்குடியைப் பார்க்கலாம். ஸ்பிக் உர ஆலையின் நீர்த்தேக்கத்தின் மேல் 25.3 மெகாவாட் மிதவைச் சூரிய மின்நிலையம் 2022 மார்ச்சில் திறக்கப்பட்டது. மின்சாரமும் கிடைக்கிறது, வெயிலில் ஆவியாகும் தண்ணீரும் குறைகிறது. அதே ஊரில் தூத்துக்குடி அல்கலி கெமிக்கல்ஸ் 2016-ல் தன் பாய்லர் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து, சோடா உப்பு தயாரிக்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடிக்கும் திட்டம் அது. ஜெர்மனியின் லூட்விக்ஸ்ஹாஃபனில் பாஸ்ஃப், சாபிக், லிண்டே நிறுவனங்கள் சேர்ந்து, எரிவாயுவுக்குப் பதில் மின்சாரத்தால் 850 டிகிரி வரை சூடேறும் உலையை 2024 ஏப்ரலில் இயக்கிக் காட்டின.

சூரியன் சாயும், காற்று ஓயும். ஆலையோ இரவு பகல் ஓட வேண்டும். இந்தச் சிக்கலுக்கு டெல்டாவிடம் ஒரு விடை இருக்கிறது: உமி. ஒரு டன் நெல்லை அரைத்தால் ஏறக்குறைய 200 கிலோ உமி மிஞ்சும். தஞ்சை, திருவாரூர் வட்டாரத்தின் நவீன அரிசி ஆலைகள் நெல் அவிக்கும் நீராவிக்கு உமியைத்தான் எரிக்கின்றன. வலையை அலசுவது, நறுக்குவது, உலர்த்துவது எல்லாம் பகல் வேலைகள். சூரிய மின்சாரத்தில் முடித்துவிடலாம். இடைவிடாமல் நீராவி தேவைப்படும் பிரிப்பு வேலைக்கு உமி பாய்லர் துணைநிற்கும். உமியின் சாம்பலைக் காற்றில் பறக்கவிடாத வடிகட்டி இருந்தாக வேண்டும் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும். அரிசி ஆலையைச் சுற்றி வாழ்பவர்களுக்குக் கரித்தூள் என்னவென்று தெரியும்.

எச்சரிக்கைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கடலூர் சிப்காட் தொழிற்பேட்டை 1980-களில் வந்தது. சுற்றியுள்ள கிராமங்கள் வருடக்கணக்கில் மூக்கைப் பொத்திக்கொண்டு வாழ்ந்தன. புகார் கொடுத்தால் ஆதாரம் கேட்டார்கள். 2004-ல் அந்தக் கிராமத்தினர் காற்றைப் பிடிக்க வாளிகளை எடுத்தார்கள். மூடியுள்ள சாதாரணப் பிளாஸ்டிக் வாளி. அதற்குள் ரசாயனம் ஒட்டாத ஒரு பை. வாளியிலிருந்து காற்றை உறிஞ்சினால் வெளிக்காற்று பைக்குள் நிறையும். நாற்றம் வரும்போது பையை நிரப்பி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். எந்த நேரத்தில், எந்தத் திசையில், எப்படிப்பட்ட வாடை என்று குறித்தும் வைத்தார்கள். நச்சு வாயுக்கள் இருப்பது அறிக்கையாக வெளிவந்தது. படித்த நிபுணர்கள் செய்திருக்க வேண்டிய வேலையைக் கிராமத்து மக்கள் வாளியோடு செய்தார்கள். எந்தப் பெயரில் ஆலை வந்தாலும், இந்தக் கண்காணிப்பு முதல் நாளிலிருந்தே ஊராரின் உரிமையாக இருக்க வேண்டும். காற்று, கழிவுநீர் அளவீடுகள் ஊராட்சி அலுவலகத்துப் பலகையில் தமிழில், தினமும் தெரிய வேண்டும்.

‘மறுசுழற்சி’ என்ற பெயர்ப்பலகையும் காப்பாற்றாது. பழைய டயரைச் சூடாக்கி எண்ணெய் எடுக்கும் ஆலைகளை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 2019-ல் கணக்கெடுத்தது. 637 ஆலைகளில் 270 விதிகளைப் பின்பற்றவில்லை. பல வகை கலந்த பிளாஸ்டிக்கைச் சூடாக்கும் முறையிலும் இதே ஆபத்து இருக்கிறது. பிவிசி துண்டுகள் கலந்தால் ஹைட்ரோகுளோரிக் அமில வாயு கிளம்பும். குழாயை அரிக்கும், மூச்சைக் கெடுக்கும். அதனால்தான் வகை பிரித்த நைலான் வலையிலிருந்து தொடங்குவது புத்திசாலித்தனம். என்ன உள்ளே போகிறது என்று தெரிந்தால்தான் என்ன வெளியே வரும் என்று சொல்ல முடியும்.

வகை பிரிப்பது கடினம் என்பார்கள். கரையில் ஒரு டிரம் தண்ணீர் போதும். நைலான் தண்ணீரைவிடக் கனம்; ஈயக்குண்டு இல்லாவிட்டாலும் மூழ்கும். பாலிஎத்திலீனும் பாலிபுரொப்பிலீனும் மிதக்கும். ஒரு துண்டை நறுக்கிப்போட்டால் அந்த நிமிடமே தெரிந்துவிடும். மீனவப் பெண்களின் சுயஉதவிக் குழுக்கள் வலைக்கூடத்தின் ஓரத்திலேயே செய்யக்கூடிய வேலை இது. மணலை அலசி, ஈயமும் இரும்பும் நீக்கி, வகைவாரியாகப் பொதிகட்டிக் கொடுத்தால், காயலான் கடைக்குப் போகும் குப்பைக்கும் ஆலைக்குப் போகும் மூலப்பொருளுக்கும் இடையிலான விலை வித்தியாசம் அந்தக் குழுக்களின் கைக்கு வரும்.

வலையைப் பிரிக்கும் ஆலை எங்கே வர வேண்டும் என்பதிலும் குழப்பம் வேண்டாம். நஞ்சையில் வரக் கூடாது, பூம்புகாரிலும் தேவையில்லை. கடலூரிலும் மணலியிலும் ரசாயனத் தொழிற்பேட்டைகள் ஏற்கெனவே இருக்கின்றன. மணலியில் எஸ்ஆர்எஃப் நிறுவனம் நைலான் டயர் நூல் தயாரிக்கிறது. கொச்சியில் கேப்ரோலாக்டத்தை வடிக்கவும் சுத்தப்படுத்தவும் தெரிந்த பொறியாளர்கள் இருக்கிறார்கள். புதிய நிலத்தைத் தேடும் முன் இருக்கும் ஆலைகளிடம், எண்ணெய்க்குப் பதில் வலையை ஏற்பீர்களா என்று அரசு கேட்க வேண்டும். டெல்டாவின் பங்கு சேகரிப்பும் பிரிப்பும் அலசலும். வேலைவாய்ப்பில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது. ஆபத்தில் பெரும்பகுதி இதில் இல்லை.

தடையாக நிற்பது சட்டத்தின் ஓட்டைதான். 2022 பிப்ரவரியில் திருத்தப்பட்ட பிளாஸ்டிக் கழிவு மேலாண்மை விதிகள், பொட்டலப் பிளாஸ்டிக் தயாரிப்பவர்களே அதைத் திரும்பச் சேகரிக்க வேண்டும் என்கின்றன. கெட்டியான பொட்டலங்களில் 2025-26 முதல் 30 சதவீதம், 2028-29-க்குள் 60 சதவீதம் மறுசுழற்சிப் பிளாஸ்டிக் இருக்க வேண்டும் என்கின்றன. மீன் வலை பொட்டலம் இல்லை என்பதால் இந்தப் பொறுப்புக்குள் வரவில்லை. வலை விற்பவருக்கு, அது கிழிந்த பிறகு என்ன ஆகிறது என்ற கவலை சட்டப்படி இல்லை. ஐரோப்பிய ஒன்றியம் 2019-ல் இயற்றிய நெறிமுறையில் மீன்பிடிக் கருவிகளைத் தயாரிப்போர் பொறுப்பின் கீழ் கொண்டுவந்து, 2024 இறுதியைக் கெடுவாக வைத்தது. இந்தியாவும் அதைச் செய்ய வேண்டும். இன்னொன்று, வரி. பிளாஸ்டிக் கழிவின் மீதான ஜிஎஸ்டி 2021 அக்டோபரில் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக உயர்த்தப்பட்டது. கச்சா எண்ணெய் விலை சரியும்போதெல்லாம் மறுசுழற்சியாளர் நொடித்துப்போகிறார். அவர் வாங்கும் குப்பையின் மீதே வரியை ஏற்றுவது, கைதூக்கிவிட வேண்டியவரைத் தள்ளிவிடும் செயல்.

மறுசுழற்சி என்ற சாக்கில் பிளாஸ்டிக் உற்பத்தியை இன்னும் பெருக்குவார்கள் என்ற அச்சம் பொருட்படுத்தத் தக்கது. தமிழகம் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படும் பிளாஸ்டிக்கைத் தடைசெய்தது. 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியது. தவிர்க்கக்கூடிய பிளாஸ்டிக்குக்கு அதுதான் வழி. வலையைத் தவிர்க்க முடியாது. பருத்தி வலைக்கும் சணல் கயிற்றுக்கும் இனி எந்த மீனவரும் திரும்பப் போவதில்லை. தவிர்க்க முடியாததை மறுபடி அதே பொருளாக ஆக்குவதும், தவிர்க்கக்கூடியதைத் தவிர்ப்பதும் ஒன்றையொன்று வெட்டும் காரியங்கள் அல்ல.

மீனவர்கள் ஒத்துழைப்பார்களா என்ற சந்தேகத்துக்குக் கேரளம் பதில் சொல்லியிருக்கிறது. கொல்லம் அருகே நீண்டகரையில் 2017-ல் தொடங்கிய சுசித்வ சாகரம் திட்டத்தில், மீனோடு வலையில் சிக்கும் பிளாஸ்டிக்கைக் கடலில் வீசாமல் கரைக்குக் கொண்டுவந்தார்கள் மீனவர்கள். பெண்கள் அதைப் பிரித்து அலசினார்கள். நறுக்கிய பிளாஸ்டிக் சாலைக்குப் போனது. சென்னை காசிமேட்டில் பழைய வலைகளைச் சேகரிக்கும் மையத்தைத் தமிழக அரசே தொடங்கியிருக்கிறது.

காசிமேட்டில் தொடங்கியது பூம்புகாருக்கும் பழையாறுக்கும் தரங்கம்பாடிக்கும் வர வேண்டும். அதற்கு ஏற்ற காலமும் ஆண்டுதோறும் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும். வலைகள் மணலில் விரியும். எதைத் தைப்பது, எதைக் கழிப்பது என்று வீட்டுக்கு வீடு முடிவாகும். கையில் காசு குறைந்திருக்கும் மாதங்களும் அவைதான். அந்த நாட்களில் மீன்வளத் துறை ஊர்ப் பஞ்சாயத்தாரோடு உட்கார்ந்து, கிலோவுக்கு இன்ன விலை என்று முன்கூட்டியே அறிவித்து, எடைத்தராசையும் தண்ணீர் டிரம்மையும் வலைக்கூடத்தில் வைக்கட்டும். எத்தனை டன் நைலான், எத்தனை டன் பாலிஎத்திலீன் வந்தது என்ற கணக்கு முதல் தடைக்காலத்திலேயே கிடைத்துவிடும். அந்தக் கணக்கோடு மணலிக்கும் கொச்சிக்கும் பனங்குடிக்கும் போய் விலை பேசுவது அரசின் அடுத்த வேலை.